ஜப்பானிய கரோக்கி: புதிதாகப் பாடும் பெண்கள் எந்தப் பாட்டை எடுக்கலாம்?

ஜப்பானில் வேலைக்குச் சேர்ந்தால், ஆபீஸ் விருந்து முடிந்த கையோடு 'நிஜிகாய்' (விருந்துக்கு அடுத்த இரண்டாவது சுற்று) என்று சொல்லி உங்களையும் ஒரு கரோக்கி அறைக்குள் தள்ளிக்கொண்டு போகும் நாள் எப்படியும் வரும். மைக் கைக்கு வரும்போது ஒரு ஆங்கிலப் பாட்டைப் பாடித் தப்பித்துவிடலாம்தான், ஆனால் ஒரே ஒரு ஜப்பானியப் பாட்டை ஓரளவு உருப்படியாகப் பாடிவிட்டால் அந்த அறையில் கிடைக்கிற வரவேற்பே வேறு. சிக்கல் எங்கே என்றால், பெண்கள் பாட எளிதான பாட்டு என்று தேடினால் வந்து விழுகிற பட்டியல்களில் பாதி வெறும் ஹிட் வரிசை. ஊரே கேட்ட பாட்டு என்பதற்காக அது உங்கள் தொண்டைக்கு எளிதாகிவிடாது, மெதுவாகப் போகிறது என்பதற்காகவும் எளிதாகிவிடாது. அதனால் முதலில் குரல், அப்புறம்தான் பாட்டு.

படி 1: உங்கள் குரல் எதுவரை போகிறது என்று பாருங்கள்

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் படித்தவர்களுக்கு இது ஐந்து நிமிட வேலை. பெண்கள் வழக்கமாகப் பாடும் 5 கட்டையை எடுத்துக்கொள்வோம். அதில் மேல் சட்ஜத்தை ஜப்பானியர்கள் 'மிட்2 ஜி' என்று எழுதுவார்கள். அதற்கு மேலே சதுஸ்ருதி ரிஷபம் 'ஹை ஏ' (440 ஹெர்ட்ஸ் என்று எல்லோருக்கும் தெரிந்த அதே ஸ்வரம்), அந்தர காந்தாரம் 'ஹை பி', சுத்த மத்யமம் 'ஹை சி'. ஜப்பானிய இசைத் தளங்களில் ஒவ்வொரு பாட்டுக்குப் பக்கத்திலும் அதன் உச்ச ஸ்வரத்தை இந்தக் குறியீட்டில்தான் போட்டிருப்பார்கள், ஆகவே இதைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பாட்டைக் கேட்காமலேயே பாதியைக் கழித்துவிடலாம்.

சங்கீதம் படிக்காதவர்கள் போனில் ஒரு சுருதி பார்க்கும் செயலியை வைத்துக்கொண்டு, கத்தாமல், பேசுகிற குரலிலேயே மேலே மேலே போய்ப் பாருங்கள். பயிற்சி இல்லாத பெண்கள் பலருக்கு ஹை பி, ஹை சி பக்கம் வரும்போது தொண்டை இறுகும். இறுகும் இடத்துக்கு இரண்டு ஸ்வரம் கீழே உங்கள் எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை எட்டிவிடுவது வேறு, நான்கு நிமிடப் பாட்டில் திரும்பத் திரும்ப அங்கே போய் வருவது வேறு.

படி 2: பாட்டைக் கடைசிவரை கேளுங்கள்

ஜப்பானிய பாப் பாட்டுக்கு ஒரு நிலையான அமைப்பு உண்டு. 'ஏ மெலோ' தாழ்வாகத் தொடங்கும், 'பி மெலோ' கொஞ்சம் ஏற்றும், பிறகு 'சாபி', அதாவது நம்முடைய பல்லவி மாதிரி எல்லோர் வாயிலும் நிற்கும் பகுதி. ஏ மெலோவைக் கேட்டுவிட்டு 'அட, இது சுலபமாச்சே' என்று முடிவு கட்டுகிறவர்கள் சாபியில் மாட்டுவார்கள். முதல் சாபியைக் கேட்டு முடிவு கட்டுகிறவர்கள் கடைசி சாபியில் மாட்டுவார்கள், ஏனென்றால் பல பாட்டுகளில் அங்கேதான் 'தென்ச்சோ' என்கிற சுருதி மாற்றம் வரும்; பாட்டு மொத்தமும் அரைச் சுருதியோ ஒரு சுருதியோ மேலே தாவிவிடும், நீங்கள் ஏற்கெனவே களைத்துப்போயிருக்கும் நேரத்தில்.

அடுத்து, ஒரு வரிக்குள் எத்தனை அசை திணித்திருக்கிறார்கள், மூச்சு வாங்க இடம் எங்கே என்று கவனியுங்கள். யோஆசோபியின் 'யோரு நி காகேரு' (2019) எல்லோருக்கும் பிடித்த பாட்டு, ஆனால் சொற்கள் மழையாகக் கொட்டும், போதாக்குறைக்கு முடிவில் சுருதியும் மாறும். அடோவின் 'உஸ்ஸேவா' (2020), லிசாவின் 'குரெங்கே' (2019) இரண்டையும் தொடக்கத்தில் தொடவே வேண்டாம். வேகமான பாட்டு மட்டும்தான் ஆபத்து என்று நினைத்தால் உதாதா ஹிகாருவின் 'ஃபர்ஸ்ட் லவ்' (1999) இருக்கிறது: மெதுவாகத்தான் போகிறது, ஆனால் சொந்தக் குரலுக்கும் 'உராகோஎ' என்கிற மெல்லிய மேல்குரலுக்கும் இடையில் மாறி மாறிப் போக வேண்டும். அதில் தடுமாறினால் மெதுவான பாட்டு என்பதாலேயே எல்லோர் காதிலும் விழும்.

படி 3: இதிலிருந்து தொடங்குங்கள்

முதல் பாட்டுக்கு என் தேர்வு 'சம்போ'. 1988இல் வந்த டொடோரோ என்ற கார்ட்டூன் படத்தின் தொடக்கப் பாட்டு, ஹிசாயிஷி ஜோ இசை. நடைக்குத் தாளம் போடுகிற மாதிரி நிதானமாகப் போகும், வரிகள் சின்னச் சின்னவை. குழந்தைப் பாட்டை ஆபீஸ் ஆட்கள் முன்னால் பாடுவதா என்று கூச்சப்பட வேண்டாம், எல்லோரும் சின்ன வயதில் பாடியது என்பதால் இரண்டாவது வரியிலேயே கூட வந்து சேர்ந்துகொள்வார்கள்.

குரல் தாழ்வாக இருக்கிறதா? அது குறையே இல்லை, உங்களுக்குத்தான் நல்ல பாட்டுகள் அதிகம். ஐம்யோனின் 'மேரிகோல்ட்' (2018) பேசுகிற குரலுக்குப் பக்கத்திலேயே பெரும்பாலும் இருக்கும், வேகமும் நடுத்தரம். நகாஜிமா மியுகியின் 'இதோ' கல்யாண வீடுகளில் அதிகம் பாடப்படுவது, தாழ்வாகத் தொடங்கி மெல்ல விரியும், மூச்சுக்கு இடம் தாராளம். மூத்த அதிகாரிகள் இருக்கும் அறை என்றால் மிசோரா ஹிபாரியின் 'காவா நோ நாகரே நோ யோ நி'. 1989 ஜனவரியில் வெளிவந்தது, அதே ஆண்டு ஜூனில் அவர் காலமானார். அந்தத் தலைமுறைக்கு அது வெறும் பாட்டு மட்டும் இல்லை. ஹிபாரியின் என்கா (பழைய பாணி ஜப்பானியப் பாட்டு) பாட்டுகளில் வரும் 'கொபுஷி' என்கிற குரல் அசைவுகள் இதில் அவ்வளவாகத் தேவைப்படாது, நேராகப் பாடினாலே போதும். நம் ஆட்கள் கமகம் தெரிந்த தைரியத்தில் கண்ட இடத்தில் எல்லாம் அசைவு போடாமல் இருந்தால் சரி.

நடுத்தரக் குரலுக்கு மாட்சுதா செய்கோவின் 'அகாய் ஸ்வீட் பீ' (1982), அப்புறம் ஒகினாவாவைச் சேர்ந்த கிரோரோ என்ற இரு பெண்கள் குழுவின் 'மிராய் எ' (1998). அம்மாவைப் பற்றிய பாட்டு, எளிய சொற்கள், நிதானம். ஜப்பானிய மொழி இரண்டாம் பாடத்தில் இருப்பவர்கூட அர்த்தம் புரிந்து பாடலாம்.

தனியாகப் பாடவே பயமாக இருந்தால் ஏகேபி48 குழுவின் 'கொய்சுரு ஃபார்ச்சூன் குக்கி' (2013). பல பெண்கள் ஒரே ஸ்வரத்தில் சேர்ந்து பாடுவதற்காகவே செய்த மெட்டு, அதனால் பெரிய ஏற்ற இறக்கம் கிடையாது. கையசைவுகளும் எல்லோருக்கும் தெரியும்; வந்த புதிதில் கம்பெனிகளும் மாகாண அலுவலகங்களும்கூட அதற்கு ஆடி வீடியோ போட்டன. குரல் பிசகினாலும் ஆட்டம் காப்பாற்றிவிடும்.

ஆண்கள் பாட்டு பிடித்தால் அதுவும் சரிதான். சகாமோட்டோ க்யூவின் 'உஎ ஓ முயிதே அருகோ' (1961) தெரியாத ஜப்பானியர் இல்லை, 1963இல் அமெரிக்காவின் பில்போர்டு வரிசையில் முதலிடம் பிடித்த பாட்டு. சுருதியை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும், அது படி 5இல்.

படி 4: சொற்களைத் தாளத்தோடு கற்றுக்கொள்ளுங்கள்

இதில் தமிழ் பேசுகிறவர்களுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று படித்தோமே, ஜப்பானியப் பாட்டும் அப்படித்தான் நடக்கிறது. நெடில் பெரும்பாலும் இரண்டு ஸ்வரம் வாங்கும். தனியாக நிற்கும் 'ன்' எழுத்துக்கும் ஒரு தட்டு உண்டு. 'ஜின்செய்' என்பது நமக்கு இரண்டு அசை, அவர்களுக்கு ஜி, ன், செ, இ என்று நான்கு. பாடும்போது தாளத்தை விட்டு ஓடுகிறீர்கள் என்றால் பெரும்பாலும் இங்கேதான் எதையோ விழுங்கியிருப்பீர்கள்.

திரையில் வரும் கான்ஜி (சீன வழி வந்த) எழுத்துகளுக்கு மேலே, ஒலியைக் காட்டும் ஹிரகானா எழுத்துகளும் பொடியாக வரும், அதனால் ஹிரகானா மட்டும் தெரிந்தாலே சமாளிக்கலாம். அதுவும் இன்னும் வரவில்லை, தமிழில் எழுதி வைத்துப் பாடப்போகிறேன் என்றால் ஒரு எச்சரிக்கை: சொல்லுக்கு நடுவில் வரும் க, ட, ப மூன்றையும் நம் நாக்கு தானாகவே மெலிதாக்கிவிடும். அதைத் தடுக்க 'க்க' என்று இரட்டித்து எழுதினால் ஒரு தட்டு கூடிப்போகும். மேட்டுப்பாதையைக் குறிக்கும் 'சகா' எழுத்தாளரைக் குறிக்கும் 'சக்கா' ஆகிவிடும். வல்லினமாக ஒலிக்க வேண்டிய எழுத்துக்கு அடியில் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

படி 5: தனியாக ஒருமுறை போய் இயந்திரத்தோடு பழகுங்கள்

'ஹிதோகரா', அதாவது ஒற்றை ஆளாகப் போய்ப் பாடுவது, அங்கே சாதாரணம், யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள். வேலை நாளில் பகல் நேரம் போனால் கட்டணம் குறைவு. அறைகளில் பெரும்பாலும் டேம் அல்லது ஜாய்சவுண்ட் இயந்திரம் இருக்கும். பாட்டுத் தேடும் பலகைக்கு டேமில் டென்மோகு என்று பெயர், ஜாய்சவுண்டில் க்யோகுநாவி.

தேட வேண்டிய முதல் பட்டன் 'கீ'. ஒரு தடவை அழுத்தினால் அரைச் சுருதி ஏறும் அல்லது இறங்கும். சாபி எட்டவில்லையா, இரண்டு இறக்குங்கள். அப்படியும் இறுகினால் மூன்று. ஆனால் இறக்கிக்கொண்டே போனால் ஏ மெலோவில் குரல் பாதாளத்துக்குப் போய்விடும், இரண்டு முனையும் ஒத்து வராத பாட்டு உங்களுக்கான பாட்டு இல்லை, விட்டுவிடுங்கள். ஆண்கள் பாட்டு அப்படியே பாடினால் அடியில் கிடக்கிறது என்றால் மூன்றிலிருந்து ஐந்து வரை ஏற்றிப் பாருங்கள். இதை ஏமாற்று வேலை என்று யாரும் நினைப்பதில்லை, ஜப்பானியர்களே செய்கிறார்கள். சரியாக வந்த எண்ணை போனில் குறித்துக்கொள்ளுங்கள்.

'கைடு வோக்கல்' இருக்கும் பாட்டென்றால் அதையும் போட்டு, பின்னணியில் பாடும் குரலோடு சேர்ந்து சில முறை பாடலாம். மதிப்பெண் போடும் வசதியை இப்போதைக்குத் தொடாதீர்கள், மனசு உடைவதுதான் மிச்சம்.

படி 6: கூட்டத்தோடு போகும் நாளில்

அடுத்தடுத்து இரண்டு பாட்டு போட்டுக்கொள்ளக் கூடாது. மற்றவர் பாடும்போது போனைப் பார்க்காமல் கை தட்டினால் போதும், டம்போரின் கிடந்தால் இன்னும் நல்லது. பாட்டு நடுவில் கைவிட்டுப் போனால் 'என்சோ சூஷி' பட்டனை அழுத்தி நிறுத்திவிடலாம், ஒரு சரணத்தோடு முடித்துக்கொள்வதும் வழக்கம்தான். நேரம் முடிவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பெரும்பாலும் அறைத் தொலைபேசி ஒலிக்கும், நீட்டிக்கப் போகிறீர்களா என்று கேட்பார்கள். அதற்குள் உங்கள் பாட்டு வரிசையில் ஏறியிருக்க வேண்டும், ஆகவே மூன்றாவது நான்காவது ஆளாகவே போட்டுவிடுங்கள்.