'குடித்தால் குறையும்' என்ற செய்தியை வாசிக்கும்போது

போன வாரம் வெள்ளவத்தையில் மாமி வீட்டுக்குப் போனேன். வழக்கமான தேத்தண்ணிக்குப் பதிலாகக் கோப்பி வந்தது. "கோப்பி குடிச்சா சீனி வருத்தம் குறையுமாம், பேப்பரில போட்டிருக்கு" என்றார். வெட்டி வைத்திருந்த துண்டை வாங்கிப் பார்த்தேன். தலைப்பில் "குறையும்" என்றிருந்தது. நான்காவது பந்தியில்தான் "கோப்பி குடிப்பவர்களிடையே நோய் குறைவாகக் காணப்பட்டது" என்று இருந்தது.

இந்த இரண்டும் ஒன்றென்று நினைப்பதுதான் பெரிய தவறு. "குடிப்பவர்களிடம் குறைவாக இருந்தது" என்பது கண்டதைச் சொல்கிறது. "குடித்தால் குறையும்" என்பது வாக்குக் கொடுக்கிறது. ஆய்வாளர்கள் யாருக்கும் கோப்பி ஊற்றிக் கொடுக்கவில்லை. குடிப்பவர்களையும் குடிக்காதவர்களையும் பல வருடம் கவனித்தார்கள், அவ்வளவுதான். இரு கூட்டத்துக்கும் சாப்பாடு, வருமானம், நடை, தூக்கம் எல்லாமே வேறாக இருக்கலாம். உடம்பு சரியில்லாதவர்களே கோப்பியை விட்டிருக்கவும் கூடும். அதோடு, அந்த ஆய்வு பார்த்தது நோய் புதிதாக வருவதை. மாமிக்கோ பத்து வருடமாகச் சீனி வருத்தம்.

வைத்தியர்களே இப்படித் தடுமாறியிருக்கிறார்கள். மாதவிடாய் நின்றபின் ஹோர்மோன் எடுத்த பெண்களுக்கு மாரடைப்பு குறைவு என்று அவதானிப்பு ஆய்வுகள் காட்டின. அது இதயத்தைக் காக்கும் என்று பலர் நம்பினார்கள். பிறகு அமெரிக்காவில் 16,000க்கு மேற்பட்ட பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு ஹோர்மோனையும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தார்கள். மார்பகப் புற்றுநோயும் இதய நோயும் சற்றே கூடியதால் 2002இல் அந்தப் பரிசோதனையை இடையில் நிறுத்தினார்கள்.

சதவீதத்திலும் கவனம் வேண்டும். தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து 18 சதவீதம் கூடும் என்று 2015இல் செய்தி வந்தது. அது 100 பேரில் 18 பேர் என்று பொருள்படாது. ஒரு நோய் 100 பேரில் 5 பேருக்கு வருவதாக வையுங்கள்; 18 சதவீதம் கூடினாலும் எண்ணிக்கை 6ஐ எட்டாது.

பத்திரிகையாளரை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல. பிரித்தானியப் பல்கலைக்கழகங்களின் ஊடக அறிக்கைகளை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வில், மூன்றில் ஒரு பங்கு அறிக்கைகள் காரண காரியத்தை மிகைப்படுத்தியிருந்தன. ஊதிப் பெருக்குவது அங்கேயே தொடங்கிவிடுகிறது.

நம் நாட்டில் இதன் விலை பெரிது. வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து விவசாயிகளை வாட்டும் சிறுநீரக நோய்க்கு கிளைபோசேட் களைநாசினியைத் தொடர்புபடுத்தி 2014இல் ஒரு கட்டுரை வந்தது. அது கருதுகோளாகவே எழுதப்பட்டது. பேச்சு வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. 2015இல் தடை வந்தது, 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் தளர்ந்தது. நோயின் காரணம் இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. அனுராதபுரத்துக் குடும்பங்கள் நம்பத்தக்க பதிலுக்குக் காத்திருக்கின்றன.

இதற்காக "தொடர்பு மட்டும்தானே" என்று எல்லாவற்றையும் ஒதுக்குவதும் ஆபத்து. புகைத்தலும் நுரையீரல் புற்றுநோயும் சேர்ந்திருப்பதை 1950இல் பிரித்தானிய ஆய்வாளர்களான டோலும் ஹில்லும் காட்டியபோது அதுவும் தொடர்புதான். பல நாடுகளில், பல முறைகளில், புகைத்த அளவு கூடக்கூட நோயும் கூடி, விட்டவர்களுக்குக் குறைந்து வந்ததால்தான் அது காரணமென்று உறுதியானது. ஒரேயொரு ஆய்வைக் கொண்டு வரும் செய்தியில் இத்தனையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மாமியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "குளிசை?" என்று மட்டும் கேட்டேன்.

"அது காலமை போட்டிட்டன்" என்றார். கோப்பியைக் குடித்து முடித்தேன்.