‘ரெண்டு நாள் மட்டும்’: வீட்டில் பூனை இருக்கும்போது வெளிப் பூனையை ஏற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் தொடங்கி ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை என்று எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் ஒரு தாய்ப்பூனையும் குட்டிகளும் கண்ணில் படும். மழை வந்தால் எனக்கு போன் வந்துவிடும். “அக்கா, குட்டிங்க நனையுது, ரெண்டு நாள் மட்டும் வெச்சுக்கோங்க.”

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அப்படித்தான் ஒரு அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே மூன்று குட்டிகள். வீட்டில் ஏற்கெனவே இரண்டு பூனைகள் இருந்தன. குட்டிகளைத் துடைத்து, பெட்டியை ஹாலிலேயே வைத்துவிட்டேன். நான்காம் நாள் ஒரு குட்டி சாப்பிடவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தது, குடிக்கவில்லை. அப்புறம் வாந்தி. அந்த வாரம் முடிவதற்குள் இரண்டு குட்டிகள் இறந்துவிட்டன. என் பூனைகளுக்குத் தடுப்பூசி போட்டிருந்ததால் அவை தப்பின.

அந்த நோய்க்குப் பெயர் பான்லூகோபீனியா. பூனைப் பார்வோ என்றும் சொல்வார்கள். குட்டிகளைத்தான் அதிகம் கொல்லும். வைரஸ் உடம்புக்குள் போன பிறகும் பல நாட்கள் குட்டி ஓடி விளையாடும், நன்றாகச் சாப்பிடும். ‘பார்த்தால் நல்லாத்தானே இருக்கு’ என்று வீட்டுப் பூனைகளோடு விடுவதுதான் எல்லாத் தவறுகளிலும் பெரிய தவறு. புதிதாக வரும் எந்தப் பூனையும் முதல் 14 நாள் தனியாக இருக்க வேண்டும். எவ்வளவு ஆரோக்கியமாகத் தெரிந்தாலும் சரி.

“தனி ரூமுக்கு எங்கே போவது?” என்பார்கள். நியாயமான கேள்விதான். எங்கள் பக்கம் பாதி வீடுகள் ஒரு ரூமும் ஒரு கிச்சனும்தான். பாத்ரூம் சொந்தமாக இருந்தால் அதுவே போதும். பக்கெட்டில் தண்ணீர் நிற்காமலும், ஆசிட், சோப்புத்தூள் கைக்கெட்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒண்டுக்குடித்தனத்தில் பாத்ரூம் பொது என்றால் பெரிய கம்பிக்கூண்டு ஒன்றை வாங்கி மூன்று பக்கமும் துணியால் மூடி, வீட்டுப் பூனைகள் மூக்கை வைக்க முடியாத மூலையில் வைக்கலாம். தும்மலில் தெறிப்பது நாலைந்து அடி போகும் என்பதால் அந்த இடைவெளியாவது வேண்டும். மொட்டை மாடியில் தகரக் கொட்டகைக்குள் மட்டும் வைக்காதீர்கள். மே மாத வெயிலில் அது அடுப்பு. கதவும் இல்லை, கூண்டும் இல்லை என்றால் இந்த முறை முடியாது என்று சொல்லிவிடுவதுதான் சரி. உணவுக்கோ ஊசிக்கோ பணம் கொடுத்தும் உதவலாம்.

கதவைச் சாத்தினால் மட்டும் போதாது. இந்த வைரஸ் நம் கையிலும் செருப்பிலும் நைட்டியின் ஓரத்திலும் ஏறி வரும். முதலில் வீட்டுப் பூனைகளைக் கவனித்துவிட்டு, புதியதைக் கடைசியாகப் பாருங்கள். அதற்கென்று ஒரு பழைய சட்டை, தனிச் செருப்பு, தனிக் கிண்ணம் இருக்கட்டும். வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சானிடைசருக்கு இந்த வைரஸ் சாகாது. டெட்டாலும் ஃபினாயிலும் பூனைக்கே விஷம். துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கினால் போதும், கல்லீரல் பாதிக்கப்படும். தரையை முதலில் சோப்புத் தண்ணீரால் கழுவி, பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு சுமார் 30 மில்லி பிளீச் திரவம் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். காய்ந்த பிறகே பூனை உள்ளே வரலாம். பாத்ரூம் ஆசிட்டோடு பிளீச்சைக் கலக்கவே கூடாது, விஷ வாயு வரும்.

அடுத்த தவறு, வீட்டுப் பூனைகளின் கணக்கைப் பார்க்காமல் வெளிப் பூனையை ஏற்பது. அவற்றுக்குத் தடுப்பூசி நாள் தாண்டியிருந்தால் முதலில் அதை முடியுங்கள். குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை 3, 4 வாரத்துக்கு ஒருமுறை ஊசி உண்டு. ஒரே ஊசியோடு பாதுகாப்பு வந்துவிடாது. கருத்தடை செய்யாத பூனைகள் இருந்தால் இன்னும் கவனம். பெட்டைக் குட்டி நான்கு மாதத்திலேயே சினைப்பருவத்துக்கு வரலாம். ஆபரேஷன் ஆன கடுவனுக்கும் சில வாரங்களுக்கு இனப்பெருக்கத் திறன் மிச்சமிருக்கும். ரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பூனை லுகீமியா வைரஸ் எச்சில் வழியாக, ஒரே கிண்ணத்தில் சாப்பிடுவதாலேயே பரவும். சில சொட்டு ரத்தத்தில் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ பக்கத்துக் கிளினிக்குக்கோ புதிய பூனையை முதல் ஓரிரு நாளிலேயே காட்டிவிடுங்கள்.

14 நாள் நல்லபடியாகக் கழிந்ததும் பலரும் செய்வது, புதியதைக் கையில் தூக்கிப்போய் வீட்டுப் பூனையின் முகத்துக்கு நேரே காட்டுவது. “பழகிக்கோ, பழகிக்கோ” என்பார்கள். கையில் பிடிபட்ட பூனைக்கு ஓட வழியில்லை. கீழே இருப்பதற்குத் தன் இடம் போய்விட்டது என்ற பயம். பூனைக்கு மூக்குதான் முதல் அறிமுகம். புதியது படுத்த துணியை வீட்டுப் பூனைகள் இருக்குமிடத்திலும், இவை படுத்த துணியை அங்கேயும் போடுங்கள். சாத்திய கதவின் இரு பக்கமும் கிண்ணத்தை வைத்து ஒரே நேரத்தில் சாப்பாடு கொடுங்கள். இரண்டும் நிம்மதியாகச் சாப்பிட்டால் கதவைக் கொஞ்சம் திறந்து பார்க்க விடலாம். பிறகு ஐந்து நிமிடம், பத்து நிமிடம். சீறினால் அடிக்காதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள். சீறல் என்பது ‘தள்ளி நில்’ என்ற பேச்சு. அடித்தால், அந்தப் பூனை வந்தால் அடி விழும் என்றுதான் வீட்டுப் பூனை புரிந்துகொள்ளும். ரெண்டு நாளில் போகப்போகிற பூனை என்றால் அறிமுகமே வேண்டாம், கடைசிவரை தனியாகவே இருக்கட்டும்.

சண்டை மூண்டால் நடுவில் கையை விடாதீர்கள். அட்டையையோ தடித்த துண்டையோ குறுக்கே போடுங்கள். தெருப்பூனை கடித்தாலோ ரத்தம் வரக் கீறினாலோ சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றே ஸ்டான்லி மாதிரியான அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி கேளுங்கள். பூனைதானே என்று விடக் கூடாது.

நான் அதிகம் பார்த்து வருந்துவது, வந்த குட்டிகளைக் கவனிக்கும் மும்முரத்தில் வீட்டுப் பூனை கண்ணிலிருந்து மறைந்துபோவதுதான். பரண் மேலேயே கிடக்கும், சாப்பாட்டைத் தொடாது, நமக்கு ‘கோபமாக இருக்கு’ என்று தோன்றும். இரண்டு நாள் முழுதாகச் சாப்பிடாத பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு படியும் ஆபத்து உண்டு. கடுவன் பூனை மன உளைச்சலில் அடிக்கடி மலஜலம் கழிக்கும் மணல் டிரேக்குப் போய் முக்கினாலோ, கத்தினாலோ, ஒரு சொட்டும் வராமல் திரும்பினாலோ மூத்திரம் அடைத்திருக்கலாம். ராத்திரி என்றாலும் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்; ஒரு நாள் தள்ளினாலும் உயிர் போகும். எத்தனை பூனையோ அதைவிட ஒரு டிரே கூடுதலாக வையுங்கள். தினமும் கொஞ்ச நேரம் பழைய பூனையோடு மட்டும் உட்காருங்கள்.

சாப்பாட்டில், காசிமேட்டு மீன் மலிவு என்று பச்சையாகப் போடுவது தவறு. பச்சை மத்தியிலும் நெத்திலியிலும் வைட்டமின் பி1ஐ அழிக்கும் பொருள் இருக்கிறது. வேகவைத்து, முள் எடுத்து, உப்பும் வெங்காயமும் சேராமல் கொடுங்கள். பசும்பால் குட்டிக்கு வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். தாயில்லாத குட்டி சில்லென்று இருந்தால் முதலில் சூடேற்றுங்கள், அப்புறம்தான் பூனைக்குட்டிக்கான பால்பவுடர். மல்லாக்கப் போட்டுப் புகட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும். காய்ச்சலுக்கு பாராசிட்டமால், உண்ணிக்கு நாய்க்கு வாங்கிய பெர்மெத்ரின் மருந்து, இரண்டுமே பூனையைக் கொல்லும்.

தேதி இல்லாமல் ஏற்பதும் தவறுதான். ரெண்டு நாள் என்றது ஆறு மாதமாகும். யார் செலவு, யார் எடுத்துப்போவார்கள், எந்தத் தேதி என்று போனை வைப்பதற்கு முன் கேளுங்கள், வாட்ஸ்அப்பிலும் எழுதி வாங்குங்கள். போகிற பூனையோடு அது படுத்த துணியையும் கொடுத்தனுப்புங்கள், புது வீட்டில் அந்த வாசனை அதற்கு ஆறுதல். அடுத்த பெட்டியை உடனே வாங்கிக்கொள்ளாதீர்கள். பான்லூகோபீனியா வந்த வீட்டில் அந்த வைரஸ் ஒரு வருடம்வரைகூட இருக்கும். நான் 2024 முழுக்க ஊசி போடாத குட்டி ஒன்றையும் வாசல்படி ஏற்றவில்லை. மழைக்கு வந்த போன்களுக்கெல்லாம் வேறு வீடு தேடிக் கொடுத்தேன்.