பொம்பிளை வெளிக்கிடுத்தத் தெரியுமா? குறும்படத்துக்கு மேக்கப் போட இப்படித் தொடங்குங்கள்

யாழ்ப்பாணத்தில் குறும்படமும் பாட்டு வீடியோவும் எடுக்கிற பிள்ளைகள் மேக்கப்புக்கு ஆள் தேடினால், பெரும்பாலும் கலியாண வீடுகளில் பொம்பிளை வெளிக்கிடுத்துகிற ஒரு அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். கை பழகியிருக்கிறது, அது பெரிய பலம். ஆனால் கலியாணத்தில் அன்றைக்கு முகம் வடிவாக இருந்தால் காணும், படத்திலோ கதை எந்த நாளில் நிற்கிறதோ அந்த நாளுக்குரிய முகம் வேண்டும்.

அதனால் முதல் வேலை தூரிகை எடுப்பதல்ல, கதையை வாங்கி வாசிப்பது. ஒவ்வொரு காட்சிக்கும் பக்கத்தில் இது கதையில் எத்தனையாவது நாள், ஆள் அழுதிருக்கிறாரா, வெயிலில் நடந்து வந்தவரா, காயம் இருக்கிறதா என்று எழுதுங்கள். படத்தை வரிசையாக எடுக்கமாட்டார்கள். பண்ணைக் கடற்கரைக் காட்சிகள் எல்லாவற்றையும் ஒரே பின்னேரத்தில் முடித்துவிடுவார்கள், கதையிலோ அவற்றுக்கு நடுவில் ஒரு கிழமை ஓடியிருக்கும்.

அடுத்தது தோல். தயவுசெய்து ஆளை வெள்ளையாக்காதீர்கள். நம்முடைய நிறம் கமராவில் அழகாகத்தான் விழும், அதை மூடினால்தான் முகம் சாம்பல் பூத்துப்போய்த் தெரியும். தோலுக்குக் கிட்டவான மூன்று நிறப் பவுண்டேஷனைத் தாடை ஓரத்தில் ஒவ்வொரு கோடாகப் போட்டு, பகல் வெளிச்சத்தில் பார்த்து, எந்தக் கோடு தோலோடு கரைகிறதோ அதை எடுங்கள். கழுத்தையும் காதையும் மறக்கவேண்டாம். தேவையான இடத்தில் மட்டும் மெல்லிசாகப் பூசினால் போதும், ஏனென்றால் நெருங்கி எடுக்கிற காட்சியில் கனத்த பூச்சு அப்படியே காட்டிக்கொடுக்கும். சித்திரை வெயிலில் வேர்க்கும்போது பவுடருக்கு மேல் பவுடர் போடாமல், முதலில் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், அப்புறம் கொஞ்சமாகப் பவுடர்.

இனிக் காயம். தொடங்குகிறவர்கள் இதில்தான் நேரம் செலவழித்துப் பழக வேண்டும். அடிபட்ட இடம் முதலில் சிவந்திருக்கும், ஒன்றிரண்டு நாளில் நீலமும் ஊதாவுமாகக் கன்றும், ஒரு கிழமையளவில் பச்சை தட்டி, பிறகு மஞ்சளும் மண்ணிறமுமாக மங்கிப் போகும். கன்னத்து எலும்பு மேல் வைத்துப் பாருங்கள்: துளைகள் பெரிதான கறுப்பு ஸ்பஞ்சில் சிவப்புக் கிரீமைத் தொட்டு, அதைக் கையின் பின்பக்கத்தில் ஒற்றிக் குறைத்துவிட்டு, தோலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தட்டுங்கள், தேய்க்கக்கூடாது. நடுவில் ஊதா. ஓரத்தை விரலால் தட்டித் தட்டிக் கரையுங்கள், வட்டமாகத் தெரிந்தால் அது காயமல்ல, பொட்டு. முடித்ததும் கண்ணாடியை நம்பாமல் கமராவின் மொனிட்டரில் பாருங்கள்.

இரத்தத்துக்குக் குளுக்கோஸ் சிரப், சிவப்பு உணவு நிறம், ரோஸ் நிறத்தை அடக்க ஒரு சிட்டிகை கொக்கோ. உணவு நிறம் உடுப்பில் கறையாகும், அதே சட்டை இன்னொன்று இருக்கிறதா என்று முன்னாலேயே கேளுங்கள். காயத்துக்குக் கிழிந்த தோல்போலச் செய்ய லேட்டக்ஸ் (திரவ ரப்பர்) பாவிப்பதானால் முதல் நாளே முழங்கை மடிப்பில் கொஞ்சம் பூசிப் பாருங்கள், சிலருக்கு அது கடுமையாக ஒத்துக்கொள்ளாது. புருவத்தில் படவிடாதீர்கள்.

ஒவ்வொரு காட்சி முடியும்போதும் முன்பக்கம், இடம், வலம் என்று போனில் படம் எடுத்து, காட்சி எண்ணோடு வையுங்கள். நாளைக்கு அதே காயத்தை அதே இடத்தில் வைக்க ஞாபகசக்தி உதவாது, படம்தான் உதவும்.

சுத்தத்தில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். ஆளுக்கொரு ஸ்பஞ்ச், மஸ்காராவுக்கு ஒருமுறை பாவித்து எறிகிற தூரிகை, லிப்ஸ்டிக்கை ஸ்பட்டுலாவால் சுரண்டி எடுத்துத்தான் பூசவேண்டும். நிறம் கலக்கிற தட்டையும் ஸ்பட்டுலாவையும் 70 வீத அல்கஹோலால் துடையுங்கள்.

காசு பேசும்போதே, படத்தின் இறுதியில் உங்கள் பெயர் வரவேண்டும், முடிந்த படத்திலிருந்து உங்கள் வேலை தெரிகிற சில காட்சிகள் வேண்டும் என்றும் கதைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இயக்குநர் பார்க்கக் கேட்பது அவற்றைத்தான்.