தூக்குச் சட்டியை மறுபடி கடைக்குக் கொண்டுபோக

2020 மார்ச் 18-இல் மலேசியாவில் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததும், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுத் தூக்குச் சட்டி பரண் ஏறியது. ஒட்டுக்கடை (சின்னச் சாப்பாட்டுக் கடை) அண்ணன் அதைக் கண்டாலே இரண்டடி பின்வாங்குவார். தே (தேநீர்) கூட பிளாஸ்டிக் பையில்தான்.

அந்த மாதமே வந்த ஆய்வில் கொரோனா கிருமி எவர்சில்வரிலும் தாக்குப்பிடித்தது, பிளாஸ்டிக்கிலும் தாக்குப்பிடித்தது, 72 மணி நேரம் வரை. அப்புறம் பை மட்டும் என்ன சுத்தம்? தூக்கையாவது கழுவலாம். கிருமியின் கொழுப்பு உறையைச் சவர்க்காரம் உடைத்துவிடும்.

அண்ணனை வழிக்குக் கொண்டுவந்தது இப்படித்தான். சவர்க்காரம் போட்டு, மூடியின் உள்விளிம்பையும் கைப்பிடி சேருமிடத்தையும் விரலால் தேயுங்கள். பழைய குழம்பு ஒளிந்திருப்பது அங்கேதான். வெயிலில் கவிழ்த்துக் காயவையுங்கள். கடையில் மூடியை நீங்களே திறந்து மேசைமேல் வையுங்கள். அவர் சட்டியைத் தொடவே வேண்டாம், கரண்டியும் விளிம்பில் படாமல் உயரத்திலிருந்து ஊற்றட்டும். காலை ஏழு மணிக் கூட்டத்தில் போகாதீர்கள், எரிச்சல்படுவார். தேவுக்குத் தனித் தூக்கு. நான் ஒருமுறை சாம்பார் வாசத்தோடு குடித்தேன்.

மூன்றாம் வாரம் அவரே கேட்டார்: “எங்கம்மா, இன்னிக்குத் தூக்கு கொண்டாரலியா?”