கணினியில் இருக்கும் தமிழ்ப் புத்தகத்தைக் கிண்டில், கோபோ கருவியில் ஏற்றுவது எப்படி?

கோப்பை கணினியிலிருந்து வாசிப்புக் கருவிக்கு மாற்றுவது இரண்டு நிமிட வேலை. ஆனாலும் இங்கே திருநெல்வேலியில் பாளையங்கோட்டை, டவுன் பக்கம் புதிதாகக் கருவி வாங்கியவர்கள் அடுத்த வாரமே ‘புத்தகம் ஏற மாட்டேங்குது’ என்று போன் போடுகிறார்கள். விசாரித்தால், ஏற்றிய முறையில் பெரும்பாலும் தப்பு இருக்காது. அந்தக் கருவியால் படிக்க முடியாத கோப்பை ஏற்றியிருப்பார்கள். அதனால் கேபிளை எடுக்கும் முன் கோப்பைப் பார்த்துவிடுவோம்.

முதலில் கோப்பின் வகை

கோப்பின் பெயருக்குப் பின்னால், புள்ளிக்கு அடுத்து வரும் எழுத்துகள்தான் அதன் வகை. தமிழில் இலவசமாகக் கிடைக்கும் புத்தகங்கள் பெரும்பாலும் ஈபப் (epub) அல்லது பிடிஎஃப் (pdf) ஆக இருக்கும். கோபோ கருவி ஈபப் கோப்பை அப்படியே திறக்கும். கிண்டில் அப்படி இல்லை. கேபிள் வழியாக ஈபப் கோப்பைப் போட்டால் அது உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் நூலகப் பட்டியலில் தலைகாட்டாது. கேபிளில் ஏற்றும்போது கிண்டிலுக்கு ஏற்றது ஏஇசட்டபிள்யூ3 (azw3) வகை. பழைய மோபியும் (mobi) ஓடும்.

பிடிஎஃப் இரண்டு கருவியிலும் திறக்கும். திறந்த பிறகுதான் தலைவலி. ஏ4 தாளுக்காக அமைத்த பக்கத்தை 6 அங்குலத் திரையில் சுருக்கிக் காட்டினால் எழுத்து எறும்பு ஊர்வது போலத் தெரியும். ஈபப் போல எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. பக்கத்தையே பெரிதாக்கி இங்கும் அங்கும் தள்ளிப் படிக்க வேண்டும். கருவியை அகலவாக்கில் திருப்பினால் கொஞ்சம் தேவலை. பழைய புத்தகத்தைப் படமாக ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் என் யோசனை, அதைக் கணினியிலேயே படியுங்கள்.

எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு: 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது, சங்க இலக்கியம் முதல் நாட்டுடைமை ஆன எழுத்துகள் வரை எல்லாக் கருவியிலும் ஒன்றுபோலத் தெரியும் யூனிகோடு எழுத்தில் எடுக்கலாம். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் ஒரே நூலை ஈபப், மோபி, 6 அங்குல பிடிஎஃப் என்று தனித்தனியாகத் தருகிறார்கள். கிண்டில் வைத்திருந்து, வேறு மென்பொருள் எதுவும் வேண்டாம் என்பவர்கள் அங்கே மோபியை இறக்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் கேபிள்

சில கேபிள்களில் சார்ஜ் மட்டும்தான் ஏறும், தரவு போகாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கருவியில் சார்ஜ் ஏறுகிறது, கணினியோ எதுவும் செருகாதது மாதிரி சும்மா இருக்கிறது என்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். ஜங்ஷன் பக்கம் கடையில் புதிதாக வாங்குவதானால், ‘டேட்டா கேபிள்’ என்று சொல்லிக் கேளுங்கள். பழைய கிண்டிலுக்கு மைக்ரோ யூஎஸ்பி, புதியவற்றுக்கு டைப்-சி.

கேபிளில் நேரடியாக ஏற்றுதல்

1. கருவியின் பூட்டைத் திறந்துவிட்டு கேபிளைச் செருகுங்கள். கோபோவாக இருந்தால் திரையில் இணைக்கட்டுமா என்று கேட்கும். சம்மதம் கொடுக்காவிட்டால் வெறும் சார்ஜ்தான்.

2. விண்டோஸ் கணினியில் ‘திஸ் பிசி’யைத் திறந்தால் கருவியின் பெயர் பென்டிரைவ் மாதிரித் தெரியும். 2024 முதல் வந்த கிண்டில்கள் போனை இணைத்தால் தெரிவது போலத் தெரியும். அதற்குள் ‘இன்டர்னல் ஸ்டோரேஜ்’ என்று இருக்கும், அதையும் திறக்க வேண்டும். மேக் கணினியில் இந்தப் புதிய கிண்டில்கள் தானாகத் தெரியாது. மேக் வைத்திருப்பவர்கள் நேராகக் கீழே காலிபர் என்ற மென்பொருளைப் பற்றிச் சொல்லும் பகுதிக்குப் போய்விடலாம்.

3. கிண்டிலில் ‘டாக்குமென்ட்ஸ்’ என்ற ஃபோல்டருக்குள் கோப்பைக் காப்பி செய்து ஒட்டுங்கள். கோபோவில் எந்த இடத்தில் போட்டாலும் கண்டுபிடித்துவிடும். ‘சிஸ்டம்’ என்று பெயர் உள்ள எதையும் தொட வேண்டாம்.

4. கணினியில் ‘எஜெக்ட்’ கொடுத்துவிட்டு, அதன்பின் கேபிளைக் கழற்றுங்கள். காப்பி ஆகிக்கொண்டிருக்கும்போதே உருவினால் கோப்பு அரைகுறையாக நிற்கும். மேசைக் கணினியில் காப்பி ஆகும்போது கரண்ட் போனாலும் இதே கதைதான். கருவிக்கு ஒன்றும் ஆகாது, அந்தக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினால் போதும்.

ஈபப் வைத்திருக்கும் கிண்டில்காரர்களுக்கு

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ‘தம்பி, காப்பி ஆயிட்டுன்னு காட்டுது, உள்ள போய்ப் பாத்தா புஸ்தகத்தைக் காணல’ என்றார். ‘அண்ணாச்சி, அது ஈபப். மாத்திட்டுப் போடணும்’ என்று சொல்லி அவர் கணினியில் காலிபரைப் போட்டுக் கொடுத்தேன். இலவச மென்பொருள், கோவிட் கோயல் என்ற இந்தியர் 2006-ல் தொடங்கியது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

முதல்முறை திறக்கும்போது புத்தகங்களை எங்கே வைக்க, எந்தக் கருவி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கும். பதில் சொல்லிவிட்டு, ஈபப் கோப்பை மவுசால் இழுத்துக் காலிபர் ஜன்னலில் போடுங்கள். அது தனக்கென்று ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும்.

மாற்றும் முன் ஒரு வேலை இருக்கிறது, பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். ‘எடிட் மெட்டாடேட்டா’ பொத்தானை அழுத்தி, நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் இறக்கிய கோப்புகளில் ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘அன்னோன்’ என்றோ, தட்டச்சு செய்தவர் பெயரோ கிடக்கும். அப்படியே ஏற்றினால் ஐம்பது புத்தகம் சேர்ந்த பிறகு எது யாருடையது என்று தேடி அலைய வேண்டியதுதான். மொழி என்ற கட்டத்திலும் தமிழ் என்று போட்டுவிடுங்கள்.

பிறகு ‘கன்வெர்ட் புக்ஸ்’. திறக்கும் ஜன்னலின் வலது மேல் மூலையில் ‘அவுட்புட் ஃபார்மேட்’ இருக்கும், அதில் ஏஇசட்டபிள்யூ3-ஐத் தேர்ந்து ஓகே. மற்ற அமைப்புகள் ஏராளமாகத் தெரியும், கை வைக்காதீர்கள். கீழே வலது ஓரத்தில் சுற்றுவது நின்றதும் வேலை முடிந்தது. கிண்டிலை இணைத்துக் கொஞ்சம் பொறுத்தால் மேலே ‘சென்ட் டு டிவைஸ்’ என்ற பொத்தான் தெரியும். புத்தகத்தைத் தேர்ந்து அதை அழுத்துங்கள். காலிபர் திறந்திருக்கும்போது அதிலேயே ‘எஜெக்ட்’ கொடுத்துக் கழற்றுவது நல்லது.

கேபிளே வேண்டாம் என்றால்

கிண்டிலுக்கு அமேசானின் ‘சென்ட் டு கிண்டில்’ பக்கம் இருக்கிறது. கருவியில் உள்ள அதே கணக்கில் நுழைந்து கோப்பை அங்கே போட வேண்டும், 200 எம்பி வரை எடுத்துக்கொள்ளும். இந்த வழியில் ஈபப் கோப்பையே அனுப்பலாம், மாற்றும் வேலையை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மோபியை இங்கே வாங்குவதில்லை. கிண்டிலில் ஏரோபிளேன் மோடு நீங்கி, வைஃபை ஓடினால்தான் புத்தகம் வந்து சேரும். காரையார் அணைப் பக்கம், வைஃபை இல்லாத இடத்தில் போய் உட்கார்ந்து படிக்கலாம் என்றால் வீட்டிலேயே இறக்கி, ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

திறந்தால் எழுத்து கோளாறாக இருக்கிறதா?

தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கலந்து தெரிந்தால், அது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு. பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த பழைய வேர்டு கோப்புகள் எல்லாம் இந்த ரகம். மூலத்தை யூனிகோடு மாற்றியில் கொடுத்து, வருவதைப் புதிய வேர்டு கோப்பாகச் சேமித்துக் காலிபரில் போடுங்கள்.

கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். கிண்டில், கோபோ இரண்டிலும் ‘ஃபான்ட்ஸ்’ (fonts) ஃபோல்டரில் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஓர் இலவச எழுத்துருவைக் காப்பி செய்துவிட்டு, புத்தகத்தைத் திறந்து எழுத்துப் பட்டியலில் அதைத் தேர்ந்துகொள்ளலாம். கோபோவில் அந்த ஃபோல்டர் இல்லாவிட்டால் நீங்களே உருவாக்க வேண்டும், அதே ஆங்கிலப் பெயரில், சிறிய எழுத்தில்.