தங்கம் துருப்பிடிக்காது: ஆடம்பரமும் அழுகலும் கலந்த கேம்களில் சறுக்கும் இடங்கள்

இருட்டறை, நாலு மெழுகுவத்தி, சுவரெல்லாம் ரத்தம், மூலையில் ஒரு மண்டையோடு. 'டார்க் ஃபேன்டஸி' (இருண்ட மாயக்கதை) கேம் என்று சொல்லி வருகிற மாணவர் போர்ட்ஃபோலியோக்களில் (வேலை மாதிரித் தொகுப்புகளில்) பாதி இப்படித்தான் இருக்கின்றன. பார்த்தால் பயமும் வராது, பிரமிப்பும் வராது. பூட்டிக் கிடக்கும் கிடங்கு போலத்தான் தெரியும். அங்கே கெட்டுப்போக முதலில் எதுவுமே இல்லை என்பதுதான் கோளாறு.

'ப்ளட்போர்ன்' (2015) கேமின் கெய்ன்ஹர்ஸ்ட் கோட்டை, 'டார்க்கெஸ்ட் டஞ்சன்' கேமுக்கு 2017இல் வந்த 'தி கிரிம்சன் கோர்ட்', 'ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்' (2021) கேமின் டிமிட்ரெஸ்கு மாளிகை, 'எல்டன் ரிங்' (2022) கேமின் லெய்ண்டெல் தலைநகரம் எல்லாவற்றிலும் முதலில் கண்ணில் படுவது செல்வம். நாற்றம் பிறகுதான் எட்டும். தமிழுக்கு இது புதிதில்லை. கலிங்கத்துப்பரணியில் காளியின் கோயிலைப் பாடும் பகுதியைப் பாருங்கள்: மாண்ட மன்னர்களின் பட்டத்தரசியர் அணிந்த மணிகளை அஸ்திவாரத்தில் இட்டு, நிணத்தையும் குருதியையும் குழைத்து, தலைகளை அடுக்கிச் சுவர் எழுப்புகிறார்கள். மணி முதலில், நிணம் அப்புறம். அந்த வரிசைதான் முக்கியம்.

தங்கத்துக்குப் பாசி பூசுவது

அதிகம் நடக்கும் தவறு இது. பழைய தங்கச் சிலை என்று சொல்லிவிட்டு அதன்மேல் பச்சைக் களிம்பை அப்பிவிடுகிறார்கள். தங்கம் களிம்பேறாது. செம்பின் மேல் முலாம் பூசியிருந்தால், முலாம் தேய்ந்த இடத்தில் அடியில் உள்ள செம்பு பச்சையாகும். வெள்ளியின் மேல் பூசியிருந்தால் அந்த இடம் கறுக்கும். ஆக, மெட்டீரியலை (பொருளின் பரப்பு எப்படித் தெரியும் என்ற அமைப்பை) தொடுவதற்கு முன்பே 'அடியில் என்ன உலோகம்?' என்று முடிவு செய்துவிட வேண்டும். பேராசை பிடித்த அரசன் முழுத் தங்கத்தில் செய்தான், அவன் பேரன் செம்பில் முலாம் பூசி ஒப்பேற்றினான் என்றால், ஒரு வரி வசனம் இல்லாமல் அந்த வம்சத்தின் கதை தூணிலேயே தெரிந்துவிடும்.

எண்களைப் பார்ப்போம். தங்கத்தின் பேஸ் கலர் (அடிப்படை நிறம்), சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில், லீனியர் (ஒளியின் நேர்) அளவில் 1.0, 0.766, 0.336. திரைக்கான எஸ்ஆர்ஜிபி அளவில் சுமார் 255, 227, 157. போட்டோவிலிருந்து ஐட்ராப்பர் என்ற நிறமெடுக்கும் கருவியில் எடுத்த பழுப்பு மஞ்சளைப் போட்டால் பித்தளைகூட வராது, பெயின்ட்தான் வரும். மெட்டாலிக் (உலோகமா இல்லையா என்ற அளவு) 1 அல்லது 0, அவ்வளவுதான். 'கொஞ்சம் பழசு' என்று 0.5 வைப்பது உலகத்தில் இல்லாத பொருளைச் செய்வது. மேலே படிந்த தூசும் களிம்பும் உலோகம் அல்ல. மாஸ்க் (எந்த இடம் என்று குறிக்கும் படம்) போட்டு அந்த இடத்தில் மட்டும் மெட்டாலிக்கை 0 ஆக்கி, ரஃப்னஸை (சொரசொரப்பு அளவை) 0.8க்கு மேல் ஏற்றுங்கள். துடைத்த தங்கத்துக்கு ரஃப்னஸ் 0.15லிருந்து 0.3 வரை போதும்.

இத்தனையும் சரியாகச் செய்தும் தங்கம் கரி மாதிரி தெரிந்தால் மெட்டீரியலைக் குறை சொல்லாதீர்கள். உலோகத்துக்குச் சொந்த நிறப் பரவல் கிடையாது, எதிரே இருப்பதைத்தான் அது காட்டும். எதிரே இருட்டு என்றால் இருட்டையே காட்டும். அறைக்கு, சுற்றுப்புறத்தைப் படம்பிடித்து உலோகத்தில் பிரதிபலிக்க வைக்கும் ஒரு ரிஃப்ளெக்‌ஷன் கேப்சர் வையுங்கள். கேமராவுக்குப் பின்னால், ஆட்டக்காரன் பார்க்காத பக்கத்தில், ஒரு வெளிச்சமான ஜன்னலோ திரையோ இருக்கட்டும். ஸ்ரீபுரம் பொற்கோயிலை ஒரு முறை பகலிலும் ஒரு முறை விளக்கு போட்ட பிறகும் பார்த்தால் இந்தப் பாடம் கண்ணிலேயே நிற்கும். தகடு அதே தகடுதான், சுற்றி இருப்பது மாறுகிறது.

அழுக்கை எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தூவுவது

மென்பொருளின் ஜெனரேட்டர் தானாகக் கொடுக்கும் அழுக்கு மாஸ்க்கை அப்படியே விட்டுவிட்டால் பொருள் பழையதாகத் தெரியாது, தூசி கொட்டினதாகத் தெரியும். அழுக்குக்கு மூன்று எஜமானர்கள்: தண்ணீர், புவியீர்ப்பு, மனிதக் கை. பழைய மண்டபத் தூண் எதையாவது கிட்டப்போய்ப் பாருங்கள். கை எட்டும் உயரம் வரை விளிம்பெல்லாம் மழமழவென்று எண்ணெய்ப் பளபளப்பு. அதற்கு மேல் சொரசொரப்பு. செதுக்கலின் உள்மடிப்பில் கருமை. மழைநீர் வழிந்த இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு.

நம் ஊர்க்காரர்களுக்கு மாதிரி தேடி எங்கும் அலைய வேண்டாம். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபம் இருக்கிறது. விஜயநகரக் காலத்து வேலை, தூண்தோறும் யாளியும் குதிரை வீரரும். 1981இல் லிங்கத்தை மறுபடி கொண்டுவந்து வைக்கும் வரை நெடுங்காலம் மூலவர் இல்லாமலே கிடந்த கோயில் அது. கல்யாணம் நடக்காத கல்யாண மண்டபம்! இந்த வகைக் கேமுக்கு இதைவிட நல்ல மூலக்கரு வேறு எங்கே கிடைக்கும்? ஸ்பெயினின் செவில் நகரத்துக் குழு 'பிளாஸ்ஃபெமஸ்' (2019) கேமைத் தங்கள் ஊர்ப் புனித வார ஊர்வலத்திலிருந்துதான் எடுத்தது. நாம் மட்டும் ஏன் பார்க்காத ஐரோப்பியத் தேவாலயத்தின் பத்தாவது நகலைச் செய்ய வேண்டும்? ஒன்று மட்டும்: தூண்களின் அளவு, இடைவெளி, நிழல் விழும் விதம் இவற்றை எடுங்கள். வழிபாட்டில் உள்ள தெய்வ உருவத்தை அரக்கனாக்கினால் உங்கள் கேமைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள், வழக்கைப் பற்றித்தான் பேசுவார்கள்.

துணிக்கும் இதே கணக்கு. பட்டுத் திரை கிழிந்திருக்கிறது என்று காட்ட நடுவில் ஓட்டை போடுகிறார்கள். பட்டு அப்படிக் கிழியாது. வீட்டில் ஆரணிப் பட்டு பழசு ஒன்று பீரோவில் மடித்தபடியே கிடந்தால் விரித்துப் பாருங்கள். மடிப்புக் கோட்டில்தான் இற்றிருக்கும், ஏனென்றால் ஜரிகைக் கம்பி அந்த வளைவில் முறிகிறது. நல்ல ஜரிகை என்பது பட்டு நூலில் சுற்றி முலாம் பூசிய வெள்ளி. முலாம் போனால் மஞ்சள் கறுப்பாக மாறும், துணியின் சிவப்பு மட்டும் அப்படியே நிற்கும். கறுத்த ஜரிகையும் வாடாத அரக்குச் சிவப்பும் ஒரே துணியில் இருந்தால் போதும், ரத்தமே தேவையில்லை. அன்ரியல் கேம் என்ஜினில் ஷேடிங் மாடலை (பரப்பு ஒளியை ஏற்கும் விதத்தை) 'கிளாத்' என்று மாற்ற மறந்தால் இவ்வளவும் பிளாஸ்டிக்காகிவிடும்.

மெழுகுவத்திக்கு ஒரு லைட் என்று அடுக்குவது

சரவிளக்கில் 24 சுடர் என்றால் நிழல் விழும் 24 பாயின்ட் லைட் (ஒரு புள்ளியிலிருந்து நாலாபக்கமும் ஒளி தரும் விளக்கு) வைப்பார்கள். நொடிக்கு 60 ஃபிரேம் (படச்சட்டம்) வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்கு உள்ள நேரம் 16.6 மில்லி செகண்ட்தான். அந்தச் சரவிளக்கே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். சுடர்களை எமிசிவ் (தானே ஒளிர்வதாகத் தெரியும்) மெட்டீரியலாக மட்டும் வைத்து, நடுவில் ஒரே ஒரு லைட் போடுங்கள். ஒரு மெழுகுவத்தி ஏறத்தாழ 1 கேண்டெலா (ஒளிச்செறிவின் அலகு), ஆகவே 24 கேண்டெலா. நிறவெப்பம் சுமார் 1,900 கெல்வின். இரண்டு மீட்டர் தள்ளி அது பரப்பில் 6 லக்ஸ் வெளிச்சம்தான் தரும். இங்கேதான் அடுத்த வினை: காட்சியின் வெளிச்சத்தைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோ எக்ஸ்போஷர் 'ஐயோ இருட்டு' என்று எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, அரண்மனையைப் பகல்நேர மளிகைக்கடை ஆக்கிவிடும். மினிமம், மேக்ஸிமம் இரண்டு இ.வி.100 (எக்ஸ்போஷர்) அளவையும் ஒரே எண்ணாக வையுங்கள். இந்த அறைக்கு 1 அல்லது 2லிருந்து தொடங்கலாம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ராத்திரி விளக்கணைத்துவிட்டு வேலை செய்கிறவர் கண்ணுக்கு எல்லாம் தெரியும். மறுநாள் டியூப்லைட் வெளிச்சத்தில் விளையாடுகிறவருக்குக் கறுப்புத் திரை மட்டும் தெரியும். ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நிறத்தை நீக்கி, 320 பிக்சல் அகலத்துக்குச் சுருக்குங்கள். எதிரியின் உருவம் பின்னணியிலிருந்து பிரிந்து தெரிகிறதா? தெரியவில்லை என்றால் அவனுக்குப் பின்னால் இருக்கும் சுவரை ஏற்றுங்கள், அவனை அல்ல.

ஃபிரேம் ரேட்டை மார்கழியில் சோதித்துவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. அக்னி நட்சத்திர மதியத்தில் ஏசி இல்லாத வேலூர் அறையில் லேப்டாப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த எண்தான் உண்மையான எண்.

எல்லா அறையிலும் கோயில் எதிரொலி

கம்பளம், திரை, மெத்தை நிறைந்த பணக்கார அறை ஓசையை விழுங்கும். அங்கே தேவாலய எதிரொலியான ரிவர்பைப் போடுவது காதுக்குப் பொய். கல் தாழ்வாரத்தில் டக் டக்கென்று கேட்ட காலடி, கதவைத் தாண்டியதும் சட்டென்று அற்றுப்போகட்டும். முதுகுத்தண்டு சில்லிடுவது அங்கேதான். கோரஸ் பாட்டை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

மரியாதை இல்லாத பயங்கரம்

வாசலிலேயே பாய்ந்து கடிக்கிற பிசாசு நாய்க்குச் சமம். ஆடம்பர வகையின் அச்சம் உபசாரத்தில் இருக்கிறது. கெய்ன்ஹர்ஸ்ட்டுக்குப் போக அழைப்புக் கடிதம் வேண்டும். 'தி கிரிம்சன் கோர்ட்'டில் கொசு உருவப் பிரபுக்களும் அழைப்பு வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள். இதை நம் ஊருக்குக் கொண்டுவந்தால்? கனமான அட்டை, தங்க எழுத்து, உங்கள் பெயருக்கே வந்த கல்யாணப் பத்திரிகை. நாலு மூலையிலும் மஞ்சள் மட்டும் இல்லை. மஞ்சள் தடவாத பத்திரிகை எந்தக் காரியத்துக்கு வரும் என்று தமிழ் வீட்டில் வளர்ந்த எவருக்கும் விளக்க வேண்டாம்.

அந்தப் பத்திரிகையின் எழுத்தில்தான் கடைசியில் கோட்டை விடுவார்கள். யூனிட்டி கேம் என்ஜினின் எழுத்துக் கருவியான டெக்ஸ்ட்மெஷ் புரோ தமிழ் எழுத்துகளைக் கோத்துக் காட்டாது. 'கொ' என்று அடித்தால் கொம்பு இடம் மாறி நிற்கும். அன்ரியலிலும் கோடோ 4 என்ஜினிலும் இந்தச் சிக்கல் இல்லை. யூனிட்டிதான் என்றால், நிலையான வாசகங்களைப் படமாக்கி வைப்பது பாதுகாப்பு. 'கொடுங்கோல் வேந்தே, பெரியோர் மௌனம் கைவிடுக' என்ற ஒரு வரியை ஓட்டிப் பார்த்தால் ொ, ோ, ே, ெ, ௌ, ை ஆறும் சோதித்ததாகிவிடும். 1080பி திரையில் 28 பிக்சலுக்குக் கீழே எழுத்தைக் குறைக்காதீர்கள். தங்க எம்பாஸ் (புடைப்பு) எஃபெக்ட் போட்டால் 36. இல்லாவிட்டால் 'ன'வுக்கும் 'ண'வுக்கும் சுழி எண்ணிக்கொண்டிருக்கும்போதே எதிரி வந்து வெட்டிவிட்டுப் போய்விடுவான்.