தீபாவளி பலகாரம் செரிக்க வீட்டு லேகியம்

தீபாவளி அன்று எண்ணெய் தேய்த்துக் குளித்ததும், முறுக்குத் தட்டில் கை வைப்பதற்கு முன்னால், ஒரு சுண்டைக்காய் அளவு லேகியத்தை வாயில் போட்டுக்கொள்ளுங்கள். கடையில் வாங்க வேண்டாம், வீட்டிலேயே அரை மணி நேர வேலைதான்.

சுக்கு 25 கிராம், மிளகு, ஓமம், சீரகம், மல்லி தலா 2 ஸ்பூன், திப்பிலி ஐந்தாறு, எல்லாவற்றையும் லேசாக வறுத்துப் பொடித்துச் சலித்துக்கொள்ளுங்கள். 200 கிராம் கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி (மண் இருக்கும், அப்படியே போட்டுவிடாதீர்கள்) கொதிக்கவிட்டு, பொடியைத் தூவி, நல்லெண்ணெயும் நெய்யும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறினால், சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும். அப்போது இறக்கிவிடுங்கள். ஆறியதும் 2 ஸ்பூன் தேன்.

அப்புறம், மறுநாள் மருமகனுக்குச் சொதி (தேங்காய்ப்பால் குழம்பு) வைக்கிறீர்களா? இஞ்சிப் பச்சடி கட்டாயம் இருக்கட்டும். தேங்காய்ப்பால் வயிற்றில் கனமாக நிற்கும், அதனால்தான் திருநெல்வேலிப் பந்தியில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. அல்வாவைச் சாப்பாட்டுக்கு மேல் திணிக்காமல் சாயங்காலம் தனியாகச் சாப்பிடுங்கள். ராத்திரிக்கு இடியாப்பம் போதும், அதுவும் எட்டு மணிக்குள்.

அல்சர், நெஞ்செரிச்சல் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் லேகியம் எடுக்க வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான்.